இல்லாத அரண்மனையைப் போய்ப் பார்த்தது

1

சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்துக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், அங்கே நார்மானியர்களின் அரண்மனையைப் பார்த்த கதையை இரண்டு மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போயிருந்தேன். ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு எல்லாம் பார்த்தாயிற்று. நிழலில் உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "எல்லாம் சரிய்யா, ராஜா எங்க இருந்தான்?"

நான் செங்கல்பட்டுக்காரன். பள்ளிக்கூடச் சுற்றுலாவில் ஆரம்பித்து இந்த ஊருக்கு எத்தனை தடவை வந்திருப்பேன் என்று கணக்கில்லை. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே கிடையாது. "இது துறைமுகம்தானே, ராஜா காஞ்சிபுரத்துல இருந்திருப்பான்" என்று சமாளித்தேன். "சரி, காஞ்சிபுரத்துல எங்க?" என்றார். அங்கேயும் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. கயிலாசநாதர் கோயிலைக் காட்டலாம், வைகுந்தப் பெருமாள் கோயிலைக் காட்டலாம். பல்லவன் படுத்து எழுந்த வீட்டைக் காட்ட முடியாது.

கேள்வியைத் தட்டிக்கழிக்க மனசு வரவில்லை. அர்ச்சுனன் தபசுக்குப் பின்னால் இருக்கும் குன்றின் மேல் ஏறினோம். கலங்கரை விளக்கத்துக்குப் போகிற கூட்டம் அந்தப் பக்கமாகப் போய்விட, பாறை வெளியில் கிடக்கும் ஒரு கல்மேடைக்கு அவரை அழைத்துப் போனேன். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நீளம். ஒரு முனையில் சிங்கம் ஒன்று படுத்திருக்கிறது. எல்லாம் ஒரே பாறையில் செதுக்கியது. தர்மராஜா சிம்மாசனம் என்கிறார்கள். சிங்கத்தைத் தலையணையாக வைத்துப் பார்த்தால் கட்டில். சாய்மானமாக வைத்துப் பார்த்தால் அரியணை. அதைச் சுற்றி வெறும் பாறை.

வெறும் பாறை என்று சொன்னது சரியில்லை. பாறையில் அங்கங்கே படிகள் வெட்டியிருக்கின்றன. இரண்டு படி, நான்கு படி ஏறி, எங்கேயும் போய்ச் சேராமல் நின்றுவிடுகின்றன. ஏறினால் வானம்தான்.

இந்தப் படிகளைப் பார்த்து முதலில் யோசித்து எழுதியவர்களில் ஒருவர் வில்லியம் சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர். 1772-லும் 1776-லும் இங்கே வந்தவர். அவருடைய கட்டுரை 1788-இல் 'ஏசியாடிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் வெளிவந்தது. அந்தக் கட்டுரையை அறிந்தவர்கள் பெரும்பாலும் நினைவில் வைத்திருப்பது கடலுக்குள் மூழ்கிப்போன கோபுரங்களின் கதையைத்தான். ஏழு கோயில்கள் என்ற அந்தக் கதை ஐரோப்பியக் கற்பனைக்கு நல்ல தீனி. ஆனால் அதே கட்டுரையில் சேம்பர்ஸ் ரொம்ப நிதானமாக வேறொரு காரியமும் செய்கிறார். துண்டு துண்டான படிகள் ஒரே பெரிய கட்டடத்தின் வெவ்வேறு பகுதிகளுக்குப் போனவையாக இருக்கலாம் என்கிறார். பாறையில் வெட்டியிருக்கும் சிறு வாய்க்கால்கள் ஒரு வீட்டின் நீர் வெளியேறும் வடிகால்கள் மாதிரி இருக்கின்றன என்கிறார். குன்றின் உச்சி முழுக்கச் செங்கல் துண்டுகள், காலத்தில் தேய்ந்து உருண்டையாகிப்போய், சிதறிக் கிடப்பதைக் குறித்து வைக்கிறார். சிங்கம் படுத்த மேடையை ஊர்க்காரர்கள் தருமராஜாவின் படுக்கை என்றும், அதிலிருந்து ஆண்கள் பகுதிக்கும் அந்தப்புரத்துக்கும் இருக்கக்கூடிய அளவு தூரத்தில் இருக்கும் கல்தொட்டியைத் திரௌபதியின் குளியல் தொட்டி என்றும் சொல்வதைக் கேட்டு எழுதுகிறார். இங்கே ஒரு அரண்மனை இருந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம்.

படி, வடிகால், படுக்கை, தொட்டி, செங்கல். நாங்கள் பார்க்கப் போனது இந்த ஐந்து சொற்களை.

2

நண்பர் வியந்த அரண்மனையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வடக்கேயிருந்து கூலிப்படையாக இத்தாலிக்குள் வந்த நார்மானியர்கள், அரபியர் ஆண்டுகொண்டிருந்த சிசிலியைப் பதினோராம் நூற்றாண்டில் பிடித்தார்கள். 1130-இல் இரண்டாம் ரோஜர் அரசனாக முடிசூடினான். அரபியரின் கோட்டை இருந்த இடத்திலேயே தன் அரண்மனையை அமைத்துக்கொண்டான். அதற்குள் அவன் கட்டிய வழிபாட்டுக்கூடத்தில் சுவரெல்லாம் கிரேக்க மரபுப் பொன்வண்ணச் சில்லோவியம். கூரையோ அரபு மரபின் தேன்கூடு மாதிரியான மரவேலை. அதில் பாட்டுக்காரர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள். கும்பிடுகிறவன் தலைக்கு மேல் அந்தப்புரத்துக் கேளிக்கை. அவனுடைய அரச மேலாடையின் ஓரத்தில் தைத்திருப்பது அரபு எழுத்து. அல் இத்ரீசி என்ற முஸ்லிம் அறிஞர் உலகப் படத்தோடு கூடிய பெரிய புவியியல் நூலை 1154-இல் முடித்ததும் இந்த ரோஜருக்காகத்தான்.

ரோஜர் முடிசூடிய 1130-இல் இங்கே கங்கைகொண்டசோழபுரத்தில் விக்கிரம சோழன் ஆண்டுகொண்டிருந்தான். ரோஜரின் அரண்மனை அப்புறம் எத்தனையோ பேர் கைக்குப் போயிற்று. ஸ்பானிய ஆளுநர்கள் குடியிருந்தார்கள். 1947-லிருந்து சிசிலியின் வட்டாரச் சட்டமன்றம் அங்கேதான் கூடுகிறது. விக்கிரம சோழன் இருந்த அரண்மனை இன்றைக்கு மாளிகைமேடு என்ற ஒரு மண்மேடு. தமிழகத் தொல்லியல் துறை 1980களிலும், மறுபடி 2021-லிருந்தும் அங்கே தோண்டியது. செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி கிடைத்தன. அரண்மனைக்குச் சோழகேரளன் திருமாளிகை என்று பெயர் என்பதுகூடக் கல்வெட்டு சொல்லித்தான் தெரியும். பக்கத்திலேயே ராஜேந்திரன் கட்டிய கோயில் நின்றுகொண்டிருக்கிறது.

கல் நின்றது, செங்கல் போனது, இதிலென்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். அவ்வளவு சுலபமில்லை. அதே கங்கைகொண்டசோழபுரத்துக் கோயிலின் மதிற்கல்லைப் பெயர்த்துத்தான் 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். கல்லும் போகும். செங்கல்லும் நிற்கும். சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட முருகன் கோயிலின் அடியில், பல்லவருக்கும் முந்திய செங்கல் கட்டுமானம் இருந்தது. மணல் மூடிக் காப்பாற்றியிருக்கிறது. பொருளின் வலிமை பாதிக் காரணம்தான். எதை நிலைக்க வைக்க வேண்டும், எதை அழிக்கலாம் என்று ஒரு சமூகம் செய்துகொண்ட முடிவு மீதிப் பாதி.

3

தமிழ் படித்தவனுக்கு இந்த முடிவின் தடம் ஒரு சொல்லிலேயே கிடைக்கிறது. கோயில் என்றால் கோவின் இல். அரசன் வீடு. பழந்தமிழில் அரண்மனைக்கு அதுதான் பெயர். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் கோயில் என்றால் அவன் அரண்மனை. பிறகு சாமி அந்தச் சொல்லுக்குள் குடிவந்தார், அரசன் வெளியேறி மாளிகை, அரண்மனை என்று வேறு சொற்களில் தங்கிக்கொண்டான். வகுப்பில் இதைச் 'சிறப்புப்பொருட்பேறு' என்கிற ரீதியில் சொல்லி முடித்துவிடுவார்கள். இது சொற்பொருள் மாற்றம் மட்டும்தானா? வீடு மாறிய கதை அல்லவா?

மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு 'அத்யந்தகாம பல்லவேசுவர கிருகம்' என்று பெயர். கிருகம் என்றாலும் வீடுதான். அத்யந்தகாமன் என்பது அரசனின் விருதுப்பெயர். கடற்கரைக் கோயிலுக்குள் இருக்கும் சிவன் சன்னதிகள் ராஜசிம்ம பல்லவேசுவரம், க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம். பெருமாள் சன்னதி நரபதிசிம்ம பல்லவ விஷ்ணுகிருகம். வீட்டுக்காரர் சாமி, வாசலில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை அரசனுடையது. தன் வீட்டைக் கல்லில் கட்டிக்கொள்ளாதவன் தன் பெயரைக் கல்வீட்டில் குடிவைத்தான்.

இதற்கும் கொஞ்சம் முன்னால், மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் எழுதிவைத்த செய்தி எல்லோருக்கும் தெரிந்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இந்த இடம் அமைக்கப்பட்டது என்று. இதைக் கட்டடக்கலைப் புரட்சி என்று கொண்டாடுகிறார்கள். திருப்பிப் போட்டு வாசித்துப் பாருங்கள். அதுவரை எல்லாமே செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பினால்தான் கட்டப்பட்டன என்ற வாக்குமூலம் அது. அந்த நான்கும் அரண்மனைக்குத் தொடர்ந்தன. சாமிக்குத்தான் விலக்கு.

ஐந்து ரதங்களில் அந்த நான்கின் ஞாபகம் அப்படியே இருக்கிறது. திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை. பீம ரதம் நீள வண்டிக்கூடு போட்ட கூடம். கல்லில் தேவையே இல்லாத உத்தரங்களும் சட்டங்களும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. தச்சு வேலையின் இலக்கணத்தைக் கல் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. கூடு என்று சொல்லும் வளைவு ஜன்னல்களிலிருந்து முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. மாடத்தில் நின்று வீதியைப் பார்த்தவர்களின் முகம் மாதிரி. பல்லவன் அரண்மனை எப்படி இருந்திருக்கும் என்று கேட்டால், கோயில்களைக் கடவுளை மறந்து பார்க்க வேண்டும் என்பேன். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இரண்டாம் நந்திவர்மன் பட்டத்துக்கு வந்த கதை வரிசையாகச் செதுக்கியிருக்கிறது. அங்கே அரண்மனை படமாக இருக்கிறது. வீடு அழிந்தது, வீட்டின் படம் சாமி வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

4

அரண்மனைகள் தானாகவும் அழியவில்லை. அழிப்பது ஒரு சடங்கு. மாறவர்மன் சுந்தரபாண்டியன் (ஆட்சி தொடக்கம் 1216) தன் மெய்க்கீர்த்தியில் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததையும், மாளிகைகளையும் மண்டபங்களையும் இடித்ததையும், அந்த இடத்தில் கழுதையை ஏரில் பூட்டி உழுது கவடி விதைத்ததையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். சங்கப் பாட்டிலேயே இருக்கும் வழக்கம் இது. தோற்றவன் வீடு வயலாக வேண்டும், அதுவும் கழுதை உழுத வயலாக.

கோயிலுக்கு இந்தக் கதி நேரவில்லை. வாதாபியை 642-இல் நரசிம்மவர்மன் பிடித்தான். அதற்கு நூறு வருஷம் கழித்துச் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழிவாங்க வந்தவன் கயிலாசநாதர் கோயிலுக்குள் போய், அதன் செல்வத்தைப் பார்த்து, கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் எழுதியிருக்கிறது. எதிரி எழுதிய கல்வெட்டு எதிரி கட்டிய கோயிலில்! சாமி வீடு பொதுச்சொத்து, யார் ஜெயித்தாலும் அவன் பெயரை அதில் எழுதலாம். ராஜா வீடு ஒருத்தன் சொத்து, அவனோடு போகும். (கோயில்களை யாரும் தொட்டதேயில்லை என்று இதை நீட்டக்கூடாது. கொள்ளைகளும் நடந்திருக்கின்றன.)

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. சோழ நாட்டை அப்படி இடித்த சுந்தரபாண்டியன், ஒரு பதினாறுகால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டானாம். பட்டினப்பாலை பாடிய கண்ணனுக்குச் சோழன் கொடுத்த மண்டபம் என்பதால். திருவெள்ளறைக் கல்வெட்டு ஒன்று இதைச் சொல்கிறது. சாமிக்குக் கிடைத்த சலுகை ஒரு கவிஞனுக்கும் கிடைத்திருக்கிறது. நமக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த மண்டபமும் இன்றைக்கு இல்லை என்பது வேறு.

பலெர்மோவில் ஜெயித்தவன் தோற்றவன் வீட்டில் குடியேறினான். இங்கே ஜெயித்தவன் உழுதான். பிற்காலத்தில் இங்கேயும் அது மாறிற்று. தஞ்சாவூரில் நாயக்கர் அரண்மனைக்குள் மராட்டியர் குடிபுகுந்தார்கள். ஆனால் பல்லவர், சோழர், பாண்டியர் காலம் என்று நாம் 'பொற்காலம்' கொண்டாடும் காலம் முழுக்க அரண்மனையில்லாத காலமாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

5

இதனால் என்ன? இதனால் நம் வரலாற்றெழுத்தே ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது.

கோயில் சுவர் பேசுகிறது. ஒரு விளக்குக்கு எத்தனை ஆடு, எவ்வளவு நெய், எந்த நிலம் இறையிலி, எல்லாம் தெரியும். அரண்மனைச் சமையலறையில் எத்தனை பேர் அரிசி குத்தினார்கள் என்று தெரியாது. சோழர் ஆட்சி, தன் மையப்பகுதிக்கு வெளியே, சடங்கு மேலாண்மையாகத்தான் இருந்தது என்று பர்ட்டன் ஸ்டெயின் 1980-இல் வாதிட்டபோது பெரிய சர்ச்சை நடந்தது. அந்தச் சர்ச்சைக்குள் இங்கே போகவில்லை. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் உண்டு. சடங்கு நடந்த வீடு நின்று, ஓலையில் கணக்கு எழுதிய வீடு எரிந்துபோன ஒரு நாட்டில், அரசே சடங்காகத் தோன்றுவது அரசின் இயல்பா, எஞ்சிய சான்றின் இயல்பா? இந்தக் கேள்வியை எந்தக் கோட்பாட்டாளரும் தன் தலைவாசலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு இனிப்பான முடிவு நம்மைக் கூப்பிடும். அடடா, நம் அரசர்கள் எவ்வளவு எளியவர்கள், சாமிக்குக் கல்லும் தனக்குச் செங்கல்லும் வைத்துக்கொண்டார்களே என்று. மேடைப் பேச்சுக்கு உதவும். ஆனால் செங்கல் எளிய பொருளில்லை. பல்லவர் செப்பேடுகளில் பிராமணர்களுக்கு ஊர் தானம் கொடுக்கும்போது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. கொடுக்கப்பட வேண்டியிருந்தது என்றால், மற்றவன் கட்டக்கூடாது என்று அர்த்தம். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் கம்மாளர்களுக்குச் செருப்புப் போட்டுக்கொள்ளவும், சங்கு ஊதவும், வீட்டுக்குச் சாந்து பூசவும் அரசன் அனுமதி தருகிறான். சாமிக்கு வீடு கட்டுகிற கை, தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. ஆக, குன்றின் மேல் சேம்பர்ஸ் பார்த்த உருண்டைச் செங்கல் ஒவ்வொன்றும் ஒரு சிறப்புரிமையின் தேய்ந்த துண்டு.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் ஒரு பாறையில் சில பெயர்கள் வெட்டியிருக்கின்றன. விருதுப்பெயர்கள் இல்லை. கேவாத பெருந்தச்சன் என்று ஒருவன், இன்னும் சிலர். இங்கே வேலை செய்தவர்கள் என்று கருதப்படுகிறது. கல் செதுக்கியவன் பெயர் பெருந்தச்சன். மரவேலைக்காரனின் பெயரோடுதான் கல்லுக்கு வந்திருக்கிறான். அரசன் வீட்டையும் சாமி வீட்டையும் ஒரே தச்சுமரபு கட்டியிருக்கும். ஒன்றுக்கு மட்டும் ஞாபகம் வாய்த்தது.

அரண்மனை இல்லாத வெற்றிடத்தை நாம் சும்மா விடவில்லை. கல்கி நிரப்பினார், 'சிவகாமியின் சபதம்' படித்த தலைமுறைக்கு மாமல்லனின் அரண்மனை கண்ணை மூடினால் தெரியும். நாடகக் கம்பெனியின் தூண் வரைந்த படுதாவும், சினிமாவின் சாந்து பூசிய பலகைத் தூணும் மீதியை நிரப்பின. நம் மனசில் இருக்கும் சோழ, பல்லவ அரண்மனை பெரும்பாலும் ஸ்டுடியோவில் கட்டிப் பிரித்தது. அதைத்தான் இழந்துவிட்டோம் என்று ஏங்குகிறோம்.

6

ஊர்க்காரர்கள் வேறு மாதிரி நிரப்பினார்கள். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அந்தக் கட்டிலுக்கு மாமல்லன் கட்டில் என்று ஊர் பெயர் வைக்கவில்லை. தருமராஜா படுக்கை என்றது. தொட்டி திரௌபதிக்கு. ரதங்கள் பாண்டவருக்கு. ஆய்வாளர்கள் இதை அறியாமை என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவது வழக்கம். பாண்டவர்கள் யார்? அரக்கு மாளிகையில் எரிக்கப் பார்க்கப்பட்டவர்கள். இந்திரப்பிரஸ்தத்தில் மாளிகை கட்டி அதைச் சூதில் தோற்றவர்கள். பன்னிரண்டு வருஷம் காட்டில் பாறையில் படுத்தவர்கள். அரண்மனையில்லாத ராஜாவுக்கு உலகத்திலேயே பொருத்தமான பெயர் தருமன்தான்.

திரௌபதியம்மன் கோயிலும் பாரதக்கூத்தும் வேர்விட்ட தொண்டைமண்டலம் இது. கூத்தில் துரியோதனன் சபை எது? ஒரு பெஞ்சு. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் ராஜா வருகிறான். கட்டியக்காரன் அவனை யாரென்று கேட்கிறான், கிண்டல் செய்கிறான், பிறகுதான் ராஜா ராஜாவாகிறான். விடிந்தால் பெஞ்சு மறுபடி பெஞ்சு. குன்றின் மேல் இருப்பதும் ஒரு பெஞ்சுதானே. அரசாட்சி என்பது ஒரு இருக்கையும் அதைச் சுற்றிச் சொல்லப்படும் பேச்சும்தான் என்று கூத்துப் பார்த்த சனத்துக்கு யாரும் கோட்பாடு சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகாரத்துக்கு இது தெரியாமலில்லை. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோது அர்ச்சுனன் தபசுக்கும், வெண்ணெய் உருண்டைப் பாறைக்கும், ரதங்களுக்கும், கடற்கரைக் கோயிலுக்கும் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். சாமி வீட்டு வாசலில் தன் பெயரை மாட்டுகிற பல்லவ வழக்கம் தொடர்கிறது.

நாங்கள் கீழே இறங்கும் முன்னால் நண்பர் மறுபடி கேட்டார். "அப்ப, அரண்மனைன்னு மிச்சம் இருக்கறது என்னதான்?"

மேடையைக் காட்டினேன். அப்புறம் யோசித்து, படியைக் காட்டினேன், வாய்க்காலைக் காட்டினேன். அங்கே சுவர் போயிற்று, கூரை போயிற்று, கொடி போயிற்று. நிற்பது படுக்கை, குளிக்கிற தொட்டி, ஏறுகிற படி, அழுக்குத் தண்ணீர் போகிற வடிகால். ராஜா தனியாகப் புழங்க முடியாத இடங்கள் இவை. யாரோ படுக்கை விரித்தார்கள். யாரோ குடத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு இந்தப் படியில் தினமும் ஏறினார்கள், காலையில் எத்தனை நடை, மாலையில் எத்தனை நடை. யாரோ வடிகாலில் அடைப்பு எடுத்தார்கள். அவர்கள் பெயர் பூஞ்சேரிப் பாறையிலும் இல்லை, பல்லவேசுவர கிருகத்திலும் இல்லை. ஆனால் அரண்மனை என்று மிஞ்சியதெல்லாம் அவர்கள் வேலை செய்த இடம்தான்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீர் பாறை வெட்டில் மெல்லக் கசிந்து இறங்கிக்கொண்டிருந்தது. நண்பர் குனிந்து அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார்.